தோழியோடு ஒரு நாள், கலைக் குவில்ட் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் கிளம்பி, ஒன்றிரண்டு காட்சிக்கூடங்களில் கலைக் குவில்ட்களைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற பயணம் இது. கூடவே ஒரு தோழி அல்லது நண்பர். இப்படிப் போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். படிப்பவருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

கலைக் குவில்ட் என்பது என்ன? போர்த்திக்கொள்ளும் குவில்ட்டும் இதுவும் ஒன்றா?

செய்முறை ஒன்று, நோக்கம் வேறு. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு அல்லது கம்பளி அடுக்கு, மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல். இதுதான் எந்தக் குவில்ட்டுக்கும் உடல். போர்வையாகப் பயன்படுவது கட்டிலின் அளவுக்கு அடங்க வேண்டும், துவைத்தால் தாங்க வேண்டும், குளிரை மறைக்க வேண்டும். கலைக் குவில்ட்டுக்கு இந்தக் கடமைகள் கிடையாது. அது சுவரில் தொங்குவதற்காகவும் பார்க்கப்படுவதற்காகவும் செய்யப்பட்டது. ஓவியருக்குக் கித்தான் எதுவோ, இவர்களுக்கு இந்த மூன்றடுக்குத் துணி அது.

இந்த வரையறையும் இப்போது நன்றாக இளகிவிட்டது. காகிதம், பிளாஸ்டிக் தாள், பயன்படுத்தி உலர்த்திய தேயிலைப் பை என்று எதையெல்லாமோ தைக்கிறார்கள். அடுக்கும் தையலும் கண்ணுக்குத் தெரிகிறவரை நான் அதைக் குவில்ட் என்றே ஏற்றுக்கொள்வேன்.

போர்வை எப்போது சுவருக்கு ஏறியது?

துணியில் கதை சொல்லும் வழக்கம் மிகப் பழையது. லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்யப்பட்ட டிரிஸ்டன் குவில்ட் இருக்கிறது. லினன் துணியில் தைத்து, உருவங்கள் புடைத்து நிற்கும்படி உள்ளே திணித்து, டிரிஸ்டன் என்ற வீரனின் கதையைக் காட்சி காட்சியாகச் சொல்லியிருக்கிறார்கள். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த காந்தா, சிந்துப் பகுதியின் ராலி, கர்நாடகத்து சித்தி பெண்களின் கவந்தி எல்லாம் அவரவர் ஊரில் அவரவர் கையில் வளர்ந்தவை.

இந்தக் கதையில் எனக்கு நெருக்கமான பெயர் ஹாரியட் பவர்ஸ். 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். அவர் செய்தவற்றில் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரிபவை இரண்டு குவில்ட்கள்தான். ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் என்ற அருங்காட்சியக அமைப்பிடம் இருக்கிறது, மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். பாஸ்டனில் இருப்பதில் பைபிள் காட்சிகளோடு, 1833 நவம்பரில் வானத்திலிருந்து விண்மீன்கள் கொட்டிய இரவும் ஒரு கட்டத்தில் இருக்கிறது. அது அவர் பிறப்பதற்கு முன் நடந்த விண்கல் மழை. கண்ணால் பார்த்தவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, பல பத்தாண்டுகள் கழித்துத் துணியில் வெட்டி வைத்திருக்கிறார். முதல் குவில்ட்டை அவர் கைவிட மனமில்லாமல், வறுமையால் 5 டாலருக்கு விற்றார். காட்சிக்கூடத்தில் ஒரு குவில்ட்டின் முன் நிற்கும்போதெல்லாம் இந்த விவரம் எனக்கு நினைவுக்கு வரும். கலை என்று உலகம் சொல்வதற்கு வெகு முன்பே அது கலையாக இருந்திருக்கிறது.

அருங்காட்சியகச் சுவர் கிடைக்கத் தாமதமானது. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில், ஜோனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் இருவரும் சேகரித்த பழைய குவில்ட்களை நவீன ஓவியங்களைத் தொங்கவிடுவது போலவே வெள்ளைச் சுவரில் தொங்கவிட்டார்கள். பார்வையாளர்கள் வண்ணத்தையும் வடிவத்தையும் முதலில் பார்த்தார்கள், போர்வையை அப்புறம்தான் பார்த்தார்கள். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. செய்த பெண்களில் பெரும்பாலோரின் பெயர் அந்தச் சுவரில் இல்லை. ஆனாலும் கதவைத் திறந்தது அந்தக் கண்காட்சிதான்.

பிறகு 1979இல் ஓஹாயோ மாநிலத்து ஏதென்ஸ் நகரில், இடிபடவிருந்த ஒரு பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் 'குவில்ட் நேஷனல்' தொடங்கியது. புதிதாக, சுவருக்கென்றே செய்யப்பட்ட குவில்ட்களுக்கான கண்காட்சி அது. இன்றும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அதன் தொடக்கத்தில் முன்நின்றவர்களில் குவில்ட் கலைஞர் நான்சி குரோவும் ஒருவர்.

இவற்றை எங்கே பார்க்கலாம்?

குவில்ட்டுக்கென்றே உள்ள அருங்காட்சியகங்கள் சில உண்டு. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் 1997இல் சுமார் 950 குவில்ட்களின் நன்கொடையோடு தொடங்கிய பன்னாட்டுக் குவில்ட் அருங்காட்சியகம், கென்டக்கியின் படூக்காவில் 1991இல் திறந்த தேசியக் குவில்ட் அருங்காட்சியகம், 1977 முதல் இயங்கும் சான் ஹோசே குவில்ட், நெசவு அருங்காட்சியகம் ஆகியவை அறியப்பட்டவை. ஹூஸ்டனிலும் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் ஆண்டுதோறும் பெரிய குவில்ட் விழா நடக்கிறது.

இவற்றுக்குப் போகமுடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். நுண்கலை அருங்காட்சியகங்களின் நெசவுப் பிரிவு, கல்லூரிக் கலைக்கூடம், நூலகத்தின் முன்கூடம், தையல் குழுக்களின் ஆண்டுக் காட்சி என்று குவில்ட் தொங்கும் இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். சிறிய இடத்தில் ஒரு பெரிய வசதி உண்டு: செய்தவரே பக்கத்தில் நிற்பார்.

ஒரு நாளில் எத்தனை காட்சிகள் பார்க்கலாம்?

இரண்டு. மூன்றாவதைச் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். கண் களைத்த பிறகு எல்லாக் குவில்ட்டும் வண்ணத் துணியாக மட்டும்தான் தெரியும். அதிகம் விரும்புவதைக் காலையில் வையுங்கள். பெரிய விழாவுக்குப் போகிறீர்கள் என்றால் அது ஒன்றே அந்த நாளுக்குப் போதும்.

கிளம்பும் முன் ஒன்றை மட்டும் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். பழைய துணிகளை நெடுநாள் வெளிச்சத்தில் வைக்க மாட்டார்கள், சில மாதங்களில் இறக்கிவிடுவார்கள். போன ஆண்டு ஒருவர் பார்த்தது இந்த மாதம் இருட்டறையில் உறங்கிக்கொண்டிருக்கலாம். குறிப்பிட்ட ஒரு படைப்புக்காகவே போவதானால், அது இப்போது சுவரில் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

தனியாகவே போகலாமே, தோழி எதற்கு?

தனியாகப் போவதிலும் சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குவில்ட் என்பது இரண்டு தூரங்களில் இருந்து பார்க்க வேண்டிய பொருள். பத்தடி தள்ளி நின்றால் படம் தெரியும், ஓரடிக்கு வந்தால் தையல் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவருக்குக் கிடைக்காது. ஒருவர் தள்ளி நின்று, மற்றவர் கிட்டே போய், "இந்த நிழல் நூலால் வந்தது, துணியால் இல்லை" என்று அங்கிருந்து சொல்லும்போது, தள்ளி நிற்பவர் தான் பார்த்துக்கொண்டிருக்கும் நிழலின் காரணத்தை அந்த நொடியிலேயே அறிகிறார். பிறகு இடம் மாறிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பெயர் தெரியாத ஒருத்தியின் பல மாத உழைப்பு கண்முன் தொங்கும்போது, அதைப் பற்றி யாரிடமாவது உடனே பேச வேண்டும் போலிருக்கும். வீட்டுக்கு வந்து விவரித்தால் பாதிதான் போய்ச் சேரும்.

என் தோழிக்குத் தையலில் ஆர்வமே இல்லை. சலித்துக்கொள்ள மாட்டாளா?

பெரும்பாலும் மாட்டாள். தையல் தெரிந்தவர்கள் நேராக நுணுக்கத்துக்குப் போய்விடுவார்கள்: மூலை எப்படிச் சேர்ந்திருக்கிறது, வளைவை எப்படித் தைத்தார், ஓரப்பட்டி எங்கே முடிகிறது. தெரியாதவர்களோ படத்தைப் பார்ப்பார்கள். "இவள் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறாள்?" என்று அவள் கேட்கும் கேள்வி, மூலையை ஆராய்ந்துகொண்டிருக்கும் உங்களைத் தலை நிமிர வைக்கும். இரண்டு பேரும் தையல்காரர்களாக இருப்பதைவிட இந்தச் சேர்க்கை நல்லது என்பது என் எண்ணம்.

வழியில் அவளுக்கு ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: மூன்று அடுக்கு, ஊடுருவும் தையல். மற்றதை அவளே கண்டுபிடிக்கட்டும்.

ஒரு குவில்ட்டின் முன் நின்று எதைப் பார்ப்பது?

முதலில் பெயர் அட்டையைப் படிக்காதீர்கள். தள்ளி நின்று, கண் எங்கே போய் நிற்கிறது, அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள். அது தற்செயல் இல்லை, வெளிச்சத் துணியும் இருட்டுத் துணியும் எங்கே சந்திக்கின்றன என்பதைச் செய்தவர் முடிவு செய்திருக்கிறார். கண்ணைச் சற்றே சுருக்கிப் பார்த்தால் வண்ணங்கள் மங்கி, வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும். படத்தின் எலும்புக்கூடு அப்போது தெரியும்.

அடுத்து கிட்டே போய், பக்கவாட்டில் நின்று பாருங்கள். குவில்ட் தட்டையான பொருள் அல்ல. தையல் போன இடம் பள்ளம், போகாத இடம் மேடு. விளக்கு மேலிருந்து விழும்போது அந்த மேடுபள்ளம் சிறுசிறு நிழல்களைத் தருகிறது. ஒரே வண்ணத் துணியில் வெறும் தையலாலேயே இலையும் கொடியும் வரைந்த முழுத்துணிக் குவில்ட்களை நேராக நின்று பார்த்தால் வெள்ளைத் துணிதான் தெரியும், இரண்டடி நகர்ந்தால் தோட்டமே எழுந்து வரும். புகைப்படத்தில் தொலைவது இதுதான். இதற்காகவே ஒரு நாள் செலவழித்துப் போகலாம்.

பிறகு தையலுக்கு வாருங்கள். கைத்தையல் என்றால் நூல் விட்டுவிட்டுத் தெரியும், புள்ளிபுள்ளியாக. நுணுக்கமானதில் ஓர் அங்குலத்துக்கு 10, 12 தையல்கூட எண்ணலாம். இயந்திரத் தையலில் கோடு அறுபடாமல் ஓடும். துணியைத் தடையின்றி எல்லாப் பக்கமும் நகர்த்தி, இயந்திர ஊசியைப் பென்சிலாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அவர்களின் குவில்ட்டில் ஒரு முகத்தில் மட்டும் ஏழெட்டு நூல் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

துணியையும் விசாரியுங்கள். கடையில் வாங்கியதா, செய்தவரே சாயமிட்டதா, யாரோ உடுத்தியதா? அலபாமாவின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் மிசூரி பெட்வே என்பவர் 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடைகளைக் கிழித்து ஒரு குவில்ட் தைத்தார். முழங்கால் தேய்ந்த வெளுப்பும், பை பிய்த்த இடத்தில் வெளுக்காத அடர்நீலமும் அத்தகைய துணிகளில் அப்படியே இருக்கும். அந்த ஊர்ப் பெண்களின் குவில்ட்கள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கும், அங்கிருந்து விட்னிக்கும் போயின. நேர்கோடு நேராக இருக்க வேண்டியதில்லை என்று அவை எனக்குக் கற்றுத்தந்தன.

கடைசியாகப் பெயர் அட்டை. இப்போது படித்தால், நீங்கள் பார்த்ததோடு செய்தவர் சொல்வது எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று தெரியும்.

அட்டையில் வரும் சொற்கள் புரியவில்லையே?

ஏழு தெரிந்தால் போதும். துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைப்பது பேட்ச்வொர்க். ஒரு துணியின் மேல் மற்றொன்றை வெட்டி வைத்துத் தைப்பது அப்ளிக். அப்படி வைத்த துண்டின் ஓரத்தை மடிக்காமல், பிசிறு தெரியும்படியே விட்டிருந்தால் மடிக்கா ஓர அப்ளிக். துணியை முடிந்தும் மடித்தும் கட்டிச் சாயத்தில் முக்குவது ஷிபோரி. ஏற்கெனவே உள்ள வண்ணத்தை வேதிப்பொருளால் நீக்கிக் கோலம் வரவழைப்பது டிஸ்சார்ஜ். வெயில் பட்டு நீலமாக மாறும் அச்சுமுறை சயனோடைப். உருவத்துக்கு அடியில் கூடுதல் பஞ்சு திணித்துப் புடைக்கச் செய்வது டிரபுன்டோ.

கையால் தைத்ததுதானே உயர்ந்தது?

இல்லை. இந்தக் கேள்வியில் நான் யாரோடும் சமாதானம் ஆகப்போவதில்லை. கைத்தையலின் மென்மை வேறு, இயந்திரக் கோட்டின் இறுக்கம் வேறு. படைப்புக்கு எது தேவையோ அதைச் செய்தவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். அமெரிக்கக் கலைஞர் பிசா பட்லரின் ஆளுயர உருவங்களைப் பாருங்கள். ஓவியம் படித்தவர், ஆனால் அந்த முகங்களில் வண்ணப்பூச்சு இல்லை. ஊதாவும் மஞ்சளும் நீலமுமான துணித்துண்டுகளை அடுக்கி, இயந்திரத்தில் தைத்து, கறுப்பின மக்களின் பழைய புகைப்படங்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறார். எந்த ஊசியால் தைத்தார் என்று கேட்டு அந்தக் கண்களிடமிருந்து பார்வையைத் திருப்ப என்னால் முடியாது.

இன்னொரு அமெரிக்கக் கலைஞரான ஃபெய்த் ரிங்கோல்டு வேறொரு வழி போனார். 1980இல் தன் தாயோடு சேர்ந்து முதல் குவில்ட்டைச் செய்தவர், 1983 முதல் ஓவியமும் எழுத்தும் துணியும் சேர்ந்த கதைக் குவில்ட்களைச் செய்தார். நடுவில் கித்தானில் ஓவியம், சுற்றிலும் துணி ஒட்டு, ஓரத்தில் கையெழுத்தில் கதை. இவற்றுக்கு முன் நின்று படிக்கவே தனி நேரம் ஒதுக்க வேண்டும். இருவரில் ஒருவர் மெல்லிய குரலில் வாசிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டே படத்தைப் பார்ப்பது நல்ல வழி.

தொட்டுப் பார்க்கலாமா?

கூடாது. கை அரிக்கும் என்பது தெரியும், துணி என்றாலே விரல் தானாக நீளும். நம் தோலின் எண்ணெயும் வியர்வையும் உடனே தெரியாது, ஆண்டுகள் போன பிறகு கறையாக எழும். பின்புறம் பார்க்க ஆசையாக இருந்தால் அங்கிருக்கும் தன்னார்வலரிடம் கேளுங்கள். பல காட்சிகளில் அவர்கள் வெள்ளைக் கையுறை அணிந்து ஓரத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். இதைக் கேட்கத் தயங்காதீர்கள். பின்பக்கத்தில்தான் முழுத் தையல் வரைபடமும், சில சமயம் செய்தவரின் கையொப்பமும், யாருக்காக என்ற குறிப்பும் இருக்கும். மேல்விளிம்பில் ஒரு துணிக்குழாய் தைத்திருப்பதையும் பார்க்கலாம். அதற்குள் கோலை நுழைத்துத்தான் எடை ஒரே இடத்தில் இழுக்காமல் தொங்கவிடுகிறார்கள்.

அறை ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது?

வெளிச்சம் சாயத்தைத் தின்னும், இழையையும் வலுவிழக்கச் செய்யும். போன வண்ணத்தைத் திரும்ப வரவழைக்க வழியில்லை. அதனால் பழைய துணிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் விளக்கைக் குறைத்து வைப்பது அருங்காட்சியக வழக்கம். உள்ளே நுழைந்ததும் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும்.

பழைய குவில்ட்களில் பழுப்பு, கறுப்புத் துண்டுகள் மட்டும் நைந்து உதிர்ந்திருப்பதைப் பார்த்தால், அதற்குச் சாயத்தில் கலந்த இரும்பு உப்பு காரணமாக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டுப் பட்டுத் துண்டுகள் கீறல் கீறலாக வெடித்திருந்தால், எடை கூட்டுவதற்காகப் பட்டில் ஏற்றிய உலோக உப்புகளின் வேலை அது.

படம் எடுக்கலாமா?

இடத்துக்கு இடம் விதி மாறும், வாசலிலேயே கேளுங்கள். அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் வேண்டாம். எடுத்தால் முழுப்படம் ஒன்று, தையல் நெருக்கத்தில் ஒன்று, பெயர் அட்டை ஒன்று என்று மூன்றும் எடுங்கள். பெயர் இல்லாமல் படத்தை மட்டும் பிறருக்கு அனுப்புவது செய்தவருக்குச் செய்யும் அநியாயம்.

துயரமான படைப்புகளும் இருக்குமா?

இருக்கும். போர், பிரிவு, நோய், வன்முறை எல்லாம் குவில்ட்டில் வரும். துணி மென்மையானது என்பதால் பேச்சும் மென்மையாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் அதிர்ந்துபோவதும் உண்டு.

எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாகத் துண்டு துண்டாகத் தைத்துச் சேர்த்த எய்ட்ஸ் நினைவுக் குவில்ட்டின் ஒரு பகுதி நீங்கள் போகும் இடத்துக்கு வந்தால் விட்டுவிடாதீர்கள். 1987 அக்டோபரில் வாஷிங்டனின் நேஷனல் மால் புல்வெளியில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன, இன்று ஏறக்குறைய 50,000. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஏறத்தாழ ஒரு மனிதரைப் புதைக்கும் இடத்தின் அளவு. இறந்தவரின் சட்டை, பொம்மை, கடிதம் எல்லாம் அதில் தைத்திருக்கும். அதை மதியத்துக்குப் பிறகு, அன்றைய கடைசிக் காட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்தபின் வேறொன்றைப் பார்க்க மனம் வராது. தோழி அழுதால் சும்மா பக்கத்தில் நில்லுங்கள்.

எங்கள் ரசனை ஒத்துப்போகவில்லை என்றால்?

நல்லதுதான். ஒவ்வொரு கூடத்திலும் ஆளுக்கொன்று மனதில் தேர்ந்தெடுத்து, வெளியே வந்த பிறகு சொல்லிக்கொள்ளுங்கள். வேறுவேறாக இருந்தால் திரும்ப உள்ளே போய், ஒருவர் தேர்ந்ததன் முன் மற்றவர் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. வேகமும் ஒத்துவரவில்லை என்றால் கூடத்துக்குள் பிரிந்து நடந்து, வாசலில் சேருங்கள்.

என்ன எடுத்துப் போவது?

நடக்கத் தோதான செருப்பு, மெல்லிய ஒரு மேலாடை (துணிகளைக் காட்சிக்கு வைக்கும் கூடங்கள் குளிராக இருக்கும்), சிறு குறிப்பேடு, பென்சில். பேனா மையைப் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். பெரிய பையை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். முழங்கால் வலி உள்ளவர் கூட வந்தால், மடக்கு நாற்காலியோ சக்கர நாற்காலியோ உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.

ஒரு குவில்ட்டை வாங்க ஆசையாக இருக்கிறது. விலை அதிகமாகத் தெரிகிறதே?

விலையைத் துணியின் பரப்பளவில் கணக்கிடாதீர்கள். ஒரு சுவர்க் குவில்ட்டுக்குள் வரைதல், சாயமிடுதல், வெட்டுதல், சேர்த்தல், தைத்தல் என்று மாதக்கணக்கான வேலை கிடக்கிறது. பேரம் பேசாதீர்கள். பெரியது கைக்கு எட்டவில்லை என்றால், பலர் கைக்குட்டை அளவிலும் சிறு படைப்புகள் செய்கிறார்கள்.

வாங்குவதானால் நான்கைந்து விஷயங்களைக் கேளுங்கள்: என்ன துணி, எந்தச் சாயம், ஒட்டுப்பசை பயன்படுத்தியிருக்கிறாரா, தூசியை எப்படி எடுப்பது, தொங்கவிடும் துணிக்குழாய் பின்னால் இருக்கிறதா. வீட்டில் நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், சமையலறைப் பக்கம் வேண்டாம். கழற்றி வைக்கும்போது மடிக்காமல், அமிலமில்லாத காகிதத்தோடு ஓர் அட்டை உருளையில், முன்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். மடித்தால் விழும் கோடு போகவே போகாது.